முனிரத்தினம் பாடாத காவடிப் பாட்டு

முனிரத்தினம் செத்துப்போன செய்தியைத் திருத்தணி பேருந்து நிலையச் சுவரில்தான் படித்தேன். பசை காயாத சுவரொட்டி. 'பக்திப் பாடகர்' என்று போட்டிருந்தார்கள்.

"யார்யா பக்திப் பாடகர்?" என்றேன்.

"பொதட்டூர்பேட்டைத் தறி மொதலாளி எழுதிக் குடுத்தாருங்க. நான் ஒட்றவன்" என்றான் பசை வாளியோடு நின்றவன்.

அவனைச் சொல்லி என்ன? முனியோடு வேலை பார்த்தவர்களே, அவன் குரலைக் கேட்டவர்களே, உங்களிடம்தான் பேச வேண்டும்.

பொதட்டூர்பேட்டையில் ஒரே விசைத்தறி ஷெட்டில் வேலை செய்த மூன்று பேர் நாங்கள். மெட்ராஸ் நடைபாதையில் நான் வாங்கிவந்த கேசட்டில் வெள்ளைக்காரப் பையன்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். உறையில் 'பங்க் ராக்' என்றிருந்தது. "இன்னா பாஷைன்னு தெர்ல, ஆனா எவனோ கூலியக் கேக்கறான்" என்றான் முனி. நாங்களும் அப்படியொரு பாட்டுக்குழு தொடங்கினோம். மின்சாரம் போய்த் தறி நின்றால்தான் எங்களுக்கு ஒத்திகை. அப்போது கிட்டாருக்கும் மைக்குக்கும் உயிர் இருக்காது. அதனால் கத்தியே பாடப் பழகினான். குழுவின் பெயரும் 'கரண்ட் கட்'.

எங்கள் கேசட்டைப் பதிந்த மெட்ராஸ் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளர் கையெடுத்துக் கும்பிட்டார். "நைனா, மைக் கீது. கத்தாதே."

"கத்தலன்னா அது பாட்டு இல்ல சார், ஜவுளிக்கடை விளம்பரம்."

கடைசிப் பாட்டு 'ராஜம்மா கண்ணு'. ராஜம்மா அவனுடைய அக்கா. எங்கள் ஷெட்டில் தறியில் ஊடுநூலோடு குறுக்கே ஓடும் நாடாக்கட்டை பறந்துவந்து அவள் கண்ணைப் பறித்தது. அவள் அசந்துவிட்டாள் என்றார் முதலாளி. தறிக்குத் தடுப்பே இல்லை என்றது பாட்டு. முனிக்கு அந்த கேசட்டே அந்த ஒரு பாட்டுக்காகத்தான்.

ஆடிக் கிருத்திகைக்கு முன்பாக, மலையடிவாரக் கடையில் கேசட் வெளியீடு. அக்காவை முன்னால் உட்காரவைத்திருந்தான். கடைசிப் பாட்டு வந்தது. யாரோ பாடிய காவடிப் பாட்டு! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ஏன்டா முனி, என் பாட்டு எங்கடா?" என்றாள் ராஜம்மா.

கேசட் கம்பெனிக்காரர் சிரித்தார். "திருத்தணில விக்கணும்னா முருகர் வேணாமா தம்பி? உங்க மொதலாளியும் அதான் சொன்னாரு."

"முருகர நான் இன்னா சொன்னேன்? நீங்கதான் அவரு பின்னால ஒளிஞ்சிகினு கீறீங்க."

மறுநாளே முனிக்கு வேலை போயிற்று. ஆர்.கே.பேட்டையில் வேறொரு ஷெட்டில் சேர்ந்தான். கேசட் வாங்கியவர்களிடமெல்லாம், "கரண்ட் போனதும் எட்துகினு வாங்க" என்றான். மேலே பதிய முடியாதபடி கேசட்டின் விளிம்பில் கம்பெனி உடைத்துவிட்ட ஓட்டையில் காகிதம் ஒட்டி, பேட்டரியில் ஓடும் டேப் ரெக்கார்டரில் போட்டு, அந்தக் காவடிப் பாட்டின்மேல் அக்காவின் பாட்டைப் பாடிக் கொடுத்தான். ஒவ்வொரு கேசட்டுக்கும் புதிதாக.

"ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணு எடுத்துக்கலாமேடா" என்றேன்.

"கோவத்த காப்பி எடுக்க முடியுமாடா?" என்றான்.

பஞ்சுத்தூசி அவன் நுரையீரலைத் தின்றது. பீடிதான் காரணம் என்கிறார் சுவரொட்டி அடித்த அதே பழைய முதலாளி. முனி பீடியைத் தொட்டதில்லை. அக்கா அசந்தாள், தம்பி பீடி குடித்தான். தறி மட்டும் எப்போதும் யோக்கியம். இதைக் கேட்டுக்கொண்டு நாமும் சும்மா இருக்கிறோம்.

அவன் எனக்குப் பாடிக் கொடுத்த கேசட் என்னிடம் இருக்கிறது. பாதிப் பாட்டில் மின்சாரம் வந்துவிடுகிறது. தறிகள் எல்லாம் ஒன்றாய் ஓடத் தொடங்குகின்றன. அவன் நிறுத்தவில்லை. "ராஜம்மா, ராஜம்மா" என்று குரல் ஏறிக்கொண்டே போகிறது, டேப் தீரும்வரை.