இருபத்திரண்டாம் துளை

என் அக்கா கணவரைப் பாலப் பராமரிப்பு டிப்போவில் எல்லோரும் ‘கம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் எப்போதும் முனை வளைந்த கம்பி ஒன்று இருக்கும். பெயர்தான் கம்பி, வேலையில் கம்பி நீட்டத் தெரியாத மனிதர். பத்தொன்பது வருடமாகப் பாலத்தின் மழைநீர்த் துளைகளையும், தளத்துண்டுகளுக்கு நடுவே உள்ள இணைப்பு இடுக்குகளையும் குத்துக்காலிட்டுச் சுத்தம் செய்கிறார். மண், பாட்டில் மூடி, டயர் நார், ஒருமுறை யாருடையதோ பல்செட்டு. எல்லாம் அவர் வாளிக்கு வரும்.

முழங்கால் போய்விட்டது. “இனிமே குந்தி எழுந்தா நடையே போயிடும்” என்றார் டாக்டர். பம்ப் அறையில் நாற்காலி வேலை ஒன்று காலியாக இருந்தது. மூன்று முறை மனு கொடுத்தார். “நீங்க போனா பாலத்த யார் பாப்பா?” என்று மூன்று முறையும் சிரித்துக்கொண்டே மறுத்தார் இன்ஜினியர். ஒழுங்காக வேலை செய்ததற்கு இப்படியும் ஒரு தண்டனையா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யோசனை சொன்ன புண்ணியவான் நான்தான். “மாமா, ஒரே ஒரு துளைய அடைச்சு விடுங்க. தண்ணி நின்னா, உங்களால முடியலன்னு அவங்களே மாத்திடுவாங்க.”

இடுக்கு மண்ணை வாளியில் அள்ளாமல் பக்கத்துத் துளைக்குள் தள்ளிவிடுவது புது ஆட்கள் செய்கிற தப்பு. அதற்காக எத்தனையோ பேரைத் திட்டித் தீர்த்தவர், அன்று இருபத்திரண்டாம் துளையில் தானே தள்ளினார். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை என்று அக்கா சொன்னாள்.

மறுநாள் மதியம் மழை கொட்டியது. டிப்போ பாலத்தின் முனையிலேயே இருக்கிறது. அங்கே லாரி ஓட்டுகிற நானும் அவரும் வாசலில் நின்று பார்த்தோம். அந்தத் துளையருகே தண்ணீர் குளமாகத் தேங்கியது. ஒரு ஸ்கூட்டர் சறுக்கி, ஓட்டி வந்த பெண் விழுந்தாள். பின்னால் வந்த பஸ் அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

“ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்!” என்று கம்பியோடு ஓடினார் மாமா. முழங்காலிட்டு, முழங்கை வரை கையை விட்டுத் தோண்டினார். தண்ணீர் சுழன்று இறங்கியது. அவரால் எழுந்திருக்க முடியவில்லை. நானும் பஸ் கண்டக்டரும்தான் தூக்கி நிறுத்தினோம். அந்தப் பெண்ணுக்குச் சிராய்ப்போடு போயிற்று.

அதற்குள் இன்ஜினியரின் ஜீப் வந்துவிட்டது. “பாத்தீங்களா? இந்த மழையில வேற எவன் இறங்குவான்? ரயில்வே மேம்பாலத்தையும் உங்ககிட்டயே கொடுத்துடறேன்” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மாமா என் பக்கம் சாய்ந்தார். “நான்தான் அடைச்சேன்னு சொல்லிடட்டுமா?”

“சொன்னா வேலையே போயிடும் மாமா.”

என் தோளைப் பிடித்தபடியே இன்ஜினியர் பக்கம் திரும்பினார்.

“சரிங்க சார்” என்றார்.