டைகர் இழுத்த திசை

என் கணவரைக் காப்பாற்ற ஓடிய நாயை நான்தான் பிடித்து நிறுத்தினேன். ஊரார் என்னைப் பாராட்டுகிறார்கள். உண்மை இதுதான்... இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

வன்னியிலிருந்து வந்த எங்களுக்கு முந்தல் என்ற ஊரில் சிறிய இறால் பண்ணை ஒன்று இருக்கிறது. அதன் காவலுக்கென்று என் கணவர் தாசன் கொண்டுவந்த குட்டிதான் டைகர். ஒரு வயது ஆகுமுன்னே கன்றுக்குட்டி போல வளர்ந்துவிட்டது. கயிற்றைப் பிடித்தால் போதும், என்னை இழுத்துக்கொண்டு ஓடும். ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் எல்லோர் முன்னிலையிலும் குப்புற விழுந்தேன்!

"நாய நீங்க கூட்டிப் போறீங்களா, நாய் ஒங்களக் கூட்டிப் போகுதா?" என்று அடுத்த வீட்டு ஹலீமா வேலிக்கு அப்பாலிருந்து கேட்பாள். நானும் சிரிப்பேன். உள்ளே எரியும்.

அதனால் பழக்கத் தொடங்கினேன். அது இழுத்தால் நான் அசையாமல் நிற்பேன். கயிறு தளர்ந்தால்தான் அடுத்த அடி. தளர்ந்ததற்கு ஒரு கருவாட்டுத் துண்டு. அடிக்கவில்லை, ஏசவில்லை. டைகர் மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது.

அன்று பின்னேரம், வீட்டு வாசல் படலையைத் தாண்டியதுமே டைகர் பண்ணைப் பக்கம் இழுத்தது. முனகியது, என்னைத் திரும்பிப் பார்த்தது, மறுபடியும் இழுத்தது. வேலியோரம் ஹலீமா நின்றாள். அவள் பார்க்கிறாளே! நான் அசைவேனா?... நின்றேன். அது போதாதென்று, எதிர்ப்பக்கமாக றோட்டு வரைக்கும் அதை நடத்திக்கொண்டு போய்த் திரும்பினேன். கடைசியில் அது தோற்றுப்போய் என் காலடியில் உட்கார்ந்தது. கருவாட்டைக் கொடுத்தேன். தின்னவில்லை.

ஏன் தின்னவில்லை என்றுகூட நான் யோசிக்கவில்லையே!

பிறகு கயிறு தொய்ய, ஆறுதலாக, அவசரமில்லாமல் பண்ணைக்கு நடந்து போனோம். இறால் தொட்டி வரம்பில் தாசன் சரிந்து கிடந்தார். விரியன் தீண்டியிருந்தது. கூப்பிட வழியில்லாமல் அவருடைய போன் தண்ணீருக்குள் விழுந்திருந்தது.

என் கூச்சல் கேட்டு ஓடிவந்த ஹலீமா, தன் கணவரின் முச்சக்கர வண்டியில் எங்களை ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துத் தந்தார்கள். கால் பெருவிரலை மட்டும் எடுக்க வேண்டியதாயிற்று. "கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால்..." என்று ஆரம்பித்த டொக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நன்றி சொல்லாத நாளில்லை. ஆண்டவருக்கு, அந்த டொக்டருக்கு, ஹலீமாவுக்கு, டைகருக்கு. காலையில் தாசன் பாணைத் தேநீரில் தோய்த்து முதல் துண்டை டைகருக்குப் போடுகையில் என் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. அவர் இருக்கிறார்... எனக்கு வேறென்ன வேண்டும்!

"நீயும் இவனும் இல்லையெண்டா நான் எப்பவோ போயிருப்பன்" என்கிறார். ஓம் என்று தலையாட்டுகிறேன். என்ன மனுஷி நான்!

ஹலீமா எல்லாவற்றையும் கண்டவள். இன்றுவரை வாய் திறக்கவில்லை. அந்தக் கேலிக் கேள்வியையும் அதற்குப் பிறகு அவள் கேட்டதில்லை. தெரிந்துதான் என்னைக் காக்கிறாளா? கேட்க எனக்குத் துணிவில்லை.

டைகர் இப்போது இழுப்பதே இல்லை. படலையைத் தாண்டியதும் நின்று என் முகத்தைப் பார்க்கிறது. "இழுடா, டைகர்... இழு!" என்று நானே கயிற்றை நீட்டிவிடுகிறேன். அது என் காலடியில் உட்கார்ந்துகொண்டு கருவாட்டுக்காகக் காத்திருக்கிறது.