வீடுள்ளவர்களின் கமிட்டி

நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மன்னார்குடியிலிருந்து வலங்கைமான் போகிற பாதையில் இருக்கும் எங்கள் சின்ன டவுனில் பலருக்கு இன்றும் என் பெயர் தெரியாது. சிஸ்டர் என்றால்தான் தெரியும். வேலையில் இருந்த காலத்தில் சாவுக்குக்கூடப் பழகிக்கொண்டேன். டிஸ்சார்ஜ் செய்வதுதான் கடைசிவரை பழகவில்லை. புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டு, மாத்திரையைக் கையில் கொடுத்து, "வீட்டுக்குப் போயி நல்லா ரெஸ்ட் எடுங்க" என்பேன். சிலர் தலையாட்டிவிட்டு நேராக பஸ் ஸ்டாண்ட் கூரைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்வார்கள். சில நாளில் அதே புண்ணில் புழு வைத்துத் திரும்பி வருவார்கள்.

அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். நடவுக்கும் அறுப்புக்கும் போய்ப் பிழைத்தவர்கள். நடவு மெஷின் வந்ததும் அவளுக்கு வேலை குறைந்தது. பிறகு கரையைப் பலப்படுத்துகிறோம் என்று வாய்க்கால் புறம்போக்கில் இருந்த அவர்கள் குடிசையை ஜேசிபி வைத்துத் தள்ளினார்கள். பட்டா இல்லாத இடம், அதனால் மாற்று இடமும் இல்லை. அந்த அலைச்சலில் அவர் காலில் தைத்த முள் சர்க்கரை நோயால் சீழ் பிடித்து, தஞ்சாவூரில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மூடிக் கிடந்த ஓர் உரக்கடையின் வாசலில் இருவரும் தங்கினார்கள். அவளுக்கு வாய் அதிகம். கட்டு மாற்ற நேரமானால் வார்டே அதிரும். எனக்கு அவளைப் பிடித்துப்போனதும் அதனால்தான்.

ஓய்வு பெற்ற பிறகு, ஊரில் யாரும் ரோட்டில் படுக்கக் கூடாது என்று ஒரு கமிட்டி அமைக்க நான்தான் வீடு வீடாக அலைந்தேன். ரைஸ் மில் முதலாளி தலைவரானார். துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர் செயலாளரானார். முதல் கூட்டங்கள் எல்லாம் கமிட்டிக்கு என்ன பெயர், ஃபிளெக்ஸில் யார் படம் பெரியது என்பதிலேயே போயின. அடுத்து செயலாளர் விதிமுறைகளை எழுதிவந்து வாசித்தார். உறுப்பினராக வேண்டுமானால் பேரூராட்சி எல்லைக்குள் வீடு இருக்க வேண்டும். அதற்கு வரி ரசீது காட்ட வேண்டும்.

"அப்ப வீடு இல்லாதவங்க யாரும் இதுல உறுப்பினராக முடியாதுங்களா?" என்று கேட்டேன்.

"அவங்களுக்காகத்தானேம்மா நாம செய்யிறோம். அவங்களே வந்து ஒக்காந்தா எப்படி?" என்றார் செயலாளர்.

தலைவர் சிரித்தார். "ஆபரேஷன் எப்படிப் பண்றதுன்னு பேஷன்ட்ட கேப்பீங்களா சிஸ்டர்?"

"எங்க வலிக்குதுன்னு கேப்போங்க."

நான் விடாமல் பேசியதால் ஒரு வழி கண்டார்கள். வீடில்லாதவர்களில் ஒருவர் சிறப்பு அழைப்பாளராக வரலாம், ஓட்டு கிடையாது. உரக்கடை வாசலில் இருந்த அவளை நான் கூட்டிப் போனேன். யாரும் நாற்காலியை நகர்த்தாததால் அவள் வாசற்படியில் உட்காரப் போனாள். என் பக்கத்தில் ஒன்றை இழுத்துப் போட்டேன்.

"புருஷன் ஒரு பக்கம், பொண்டாட்டி ஒரு பக்கம்னு பிரிச்சுப் போடாதீங்க," என்றாள். "அவர எழுப்பி ஒண்ணுக்குக் கூட்டிப் போறது நானு. பகல்ல வெளிய தொரத்தவும் கூடாது. அவரு எங்க போவாரு?" பிறகு சொன்னாள்: "எங்களுக்கு மட்டும் ஒரு ரூமு தனியாக் குடுத்துடுங்க. மத்தவங்க கதைய நீங்க பாத்துக்குங்க."

"பாத்தீங்களா சிஸ்டர், சுயநலத்த?" என்றார் செயலாளர், அவள் போனதும்.

கட்டட வேலையைத் தன் மைத்துனருக்கே கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டதும் அதே கூட்டத்தில்தான். அதற்கு யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

பேரூராட்சி ஒரு பழைய குடோனைக் கொடுத்தது. தரை போட்டார்கள், கக்கூஸ் கட்டினார்கள், இரும்புக் கட்டில்கள் வந்து இறங்கின. எல்லாம் முடிந்ததும் பூட்டினார்கள். திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது என்பதில் தலைவருக்கும் செயலாளருக்கும் ஒத்துப்போகவில்லை. குறுவை அறுத்து, சம்பா நட்டு, மழையும் பிடித்துக்கொண்டது. சாவி தலைவரிடம் இருந்தது. விழா நடக்கும்வரை அது அவரிடமே இருக்க வேண்டும் என்று ஒரு தீர்மானமே போட்டிருந்தார்கள். முன் தாழ்வாரத்தையாவது திறந்துவிடுங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டேன். "அவசரப்பட்டா நல்லது நடக்காதும்மா" என்பதே பதில்.

கார்த்திகையில் ஒரு நாள் புயல் மழை. அன்று தலைவருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். கமிட்டி முழுக்க வேன் வைத்துக்கொண்டு போயிருந்தது. மழையைச் சாக்குச் சொல்லி நான் போகவில்லை. காலையில் அவள் தொப்பலாக நனைந்து என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"சிஸ்டரம்மா, அவருக்குக் கட்டெல்லாம் நனஞ்சு போச்சு. ஒடம்பு கொதிக்குது. கடை வாசல்ல தண்ணி ஏறிடுச்சு. அந்தக் கட்டடத்தத் தொறந்து விடச் சொல்லுங்க."

தலைவருக்கு போன் செய்தேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"இப்பதாங்க மாலை மாத்தப் போறோம். சாவி பீரோவுல இருக்கு. பீரோ சாவி சம்சாரத்துகிட்ட இருக்கு. நாளைக்கு வந்து பேசிக்கலாமே சிஸ்டர்? தீர்மானம் இல்லாமத் தொறக்கவும் கூடாதுல்ல?"

"நாளைக்கு வரைக்கும் அவரு மழையிலயே கெடக்கணுங்களா?"

"விசேஷ எடத்துல இருக்கேங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

சைக்கிள் கடையில் கடப்பாரை வாங்கிக்கொண்டு போனோம். பூட்டை உடைத்தது அவள். கடப்பாரையை எடுத்துக் கொடுத்தது நான். மத்தியானத்துக்குள் பஸ் ஸ்டாண்டில் கிடந்தவர்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். அவருக்குத் துணி மாற்றி, புதுக் கட்டுப் போட்டேன். நனையாத மெத்தையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டார். என் உத்தியோக காலத்தில் எத்தனையோ பேருக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். அன்றைக்குப் போலக் கை லேசாக இருந்ததில்லை.

திருக்கடையூரிலிருந்து திரும்பி வந்ததும் அவசரக் கூட்டம் போட்டார்கள். கமிட்டிச் சொத்தைச் சேதப்படுத்தியதற்காக என்னை நீக்குவதாகத் தீர்மானம். எல்லாக் கையும் உயர்ந்தது. என்னை அம்மா என்று கூப்பிடும் மருந்துக்கடைக்காரர்கூட, என்னைப் பார்க்காமல், கையைத் தூக்கினார்.

அவள் எழுந்தாள். "நான் கை தூக்கக் கூடாதா? பூட்ட ஒடச்சது நாந்தான்."

"சிறப்பு அழைப்பாளருக்கு ஓட்டு கெடையாதும்மா. ஒக்காரு," என்றார் செயலாளர். எனக்கு 'ங்க' இருந்தது. அவளுக்கு அதுவும் இல்லை.

தை மாதம் பந்தல் போட்டுத் திறப்பு விழா நடத்தினார்கள். கூடவே விதிகளும் வந்தன. ஆண்கள் ஒரு கூடம், பெண்கள் ஒரு கூடம். காலையில் எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடியாதவரை வைத்துக்கொள்ள இயலாது. அவள் புருஷனை ஏதோ வெளியூரில் இருந்த முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். ஆண்களை மட்டும் சேர்க்கும் இல்லம் அது. நான் செயலாளர் வீட்டுக்கே போய்க் கெஞ்சினேன். "நீங்க இப்ப கமிட்டியில இல்லீங்களே" என்று மரியாதையாகச் சொல்லி, காபியும் கொடுத்தார். அந்தக் காபியைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

பஸ் காசு சேர்ந்தபோதெல்லாம் அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சித்திரையில் அவர் இறந்துபோனார். தகவல் செயலாளருக்குத்தான் வந்தது. தொடர்புக்கு அவர் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். செயலாளர் ஏதோ வேலையில் இருந்து, ஆள் அனுப்பி அவளுக்குச் சொல்வதற்குள் அங்கே எல்லாம் முடித்துவிட்டார்கள். அவர் முகத்தை அவள் கடைசியாகப் பார்க்கவில்லை.

என்னிடம் வந்துதான் கத்தினாள். "ஒங்கள யாரு கடப்பாரை வாங்கித் தரச் சொன்னா? நீங்க உள்ள இருந்திருந்தா அவர அனுப்ப விட்டிருப்பீங்களா?"

"தெரியலம்மா," என்றேன். தெரியத்தான் இல்லை. அத்தனை கைகளுக்கு எதிரே என் ஒரு கை என்ன செய்திருக்கும்? அவள் போன பிறகு அரிசியை அடுப்பில் வைத்துவிட்டு, அது அடிப்பிடித்துக் கருகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கட்டில்கள் காலியாகவே கிடந்தன. பகலில் விரட்டும் இடத்துக்கு யார் வருவார்கள்? போன வருஷம் மாற்றலாகி வந்த செயல் அலுவலர் அதைப் பார்த்துவிட்டு, கட்டடத்தைப் பேரூராட்சிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். இப்போது நாள் முழுக்கத் திறந்திருக்கிறது. தம்பதிகளுக்கென்று ஓர் அறை தடுத்திருக்கிறார்கள். புதிய நிர்வாகக் குழுவில் அங்கே தங்குகிறவர்களுக்கும் இடம் உண்டு, ஓட்டும் உண்டு. பழைய தலைவரும் உறுப்பினராக இருக்கிறார். முதல் கூட்டத்தில், "இதெல்லாம் நாங்க அப்பவே யோசிச்சதுதாங்க" என்றார். யாரும் மறுக்கவில்லை. என்னையும் திரும்பச் சேர்த்திருந்தார்கள். அவர் பேச்சை நானும் மறுக்கவில்லை; மறுத்திருந்தால் அன்றைக்கே கூட்டம் கலைந்திருக்கும், தம்பதி அறைக்குக் கதவு வாங்குவது அடுத்த மாதத்துக்குப் போயிருக்கும்.

அவளையும் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று நான்தான் முன்மொழிந்தேன். சொல்வதற்காக, அவள் இப்போது மீன் ஆய்ந்து கொடுக்கிற மார்க்கெட்டுக்குப் போனேன். செதில் ஒட்டிய கையோடு நின்று கேட்டாள்.

"ஓட்டு உண்டா?"

"உண்டு."

"அவரு இருந்தப்ப கேட்டேன்," என்று சொல்லிவிட்டு, அடுத்த மீனை எடுத்து ஆய ஆரம்பித்தாள்.