எல்லம்மாள் சுமத்திய பழி

உத்திரமேரூருக்குப் பக்கத்து ஊர் எல்லம்மாளுக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. புருஷன் சடையப்பன் வாய் திறப்பதே அபூர்வம். வயிற்றுவலி வந்தால் யாருக்கும் காட்டாமல் பம்புசெட்டுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்வான். தள்ளாடியபடி வீடு திரும்புவான். சாராயம்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அவளுடைய அப்பன் அப்படித்தான் செத்தான்.

திரௌபதி அம்மன் கோயிலில் கற்பூரத்தை அணைத்து, குடிக்கவில்லை என்று சடையப்பன் சத்தியம் செய்தான். எட்டாம் நாளே வலி திரும்பியது; மறுபடியும் தள்ளாடிக்கொண்டு வந்தான். "சாமிகிட்டயே பொய் சொல்லிட்டு வந்துகீறான்யா இந்த ஆளு!" என்று எல்லம்மாள் நடுத்தெருவில் கத்தினாள். அதோடு ஊரே அவனைக் குடிகாரன் என்றது. உடம்பும் குச்சியாய் இளைத்தது.

எண்பத்து நாலாம் வருஷம் அவன் தம்பி பச்சமுத்து இருவரையும் மெட்ராசில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். "குடிப்பாரா?" என்று டாக்டர் கேட்டதும் எல்லம்மாள் முந்திக்கொண்டாள்: "பத்து வருசமா குடிச்சிக்கினுதான் கீறாரு."

வாய் வழியாக நீளமான குழாயை விட்டு, கணையத்தின் நாளம் குடலில் திறக்கிற இடம்வரை கொண்டுபோய், அதற்குள் மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். மறுநாள் டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். வீங்கிப்போன நாளத்தில் கற்கள் அடைத்திருந்தன.

"வலி எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டார்.

"பதினஞ்சு பதினாறு வயசுலருந்து கீதுங்க" என்றான் சடையப்பன்.

"குடியே தெரியாதவங்களுக்கும் வர்ற நோய்மா இது. இவர் குடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

எல்லம்மாள் யோசித்துப் பார்த்தாள். ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. சாராய வாடைகூட அவனிடம் அடித்ததில்லை. "இல்லீங்க" என்று சொல்வதற்குள் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஆபரேஷன் செய்து கற்களை எடுத்தார்கள். வலி விட்டது. ஊருக்குத் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடை வேதகிரி கேட்டான்: "இன்னா எல்லம்மா, சாராயத்த மறக்கடிச்சிட்டாங்களா?"

பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அவரு குடிச்சதே இல்ல. வயித்துல கல்லு. நான்தான் கண்ணால பாக்காதத ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேன்" என்றாள்.

சடையப்பன் பையை எடுத்துக்கொண்டு நடந்தான். அவள் பின்னாலேயே ஓடினாள். "ஒரு வாட்டியாச்சும் என்னைத் திட்டுய்யா."

"வெயில் ஏறுது. நட."

அதற்கப்புறமும் அவன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. சோறு போடும்போது அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளுக்கு வெகுகாலம் ஆயிற்று.