ஊதாக் கோட்டுக்காரி யார்?

ஹல் நகரத்தில் டெஸ்மண்ட் தெர்கெல் பஸ் ஓட்டினார். வாலிபத்தில் ஒரு பாட்டுக்குழுவில் சேர்ந்து ஒரே ஒரு பாட்டு எழுதியிருந்தார். வாழ்நாள் முழுக்க அவரைப் படுத்தியெடுக்க அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

'ஊதாக் கோட்டுக்காரி நிலாவை உரித்துத் தின்கிறாள், ஆரஞ்சு மழையில் என் கடிகாரங்கள் நீந்துகின்றன' என்று போகும் அது. குழு கலைந்துபோனது, பாட்டு மட்டும் ரேடியோவை விட்டுப் போகவில்லை. போதை மருந்தைத்தான் சொல்கிறது என்றது ஒரு பத்திரிகை. கோட்டுக்காரி என்றால் மரணம் என்று ஒரு பாதிரியார் பிரசங்கமே செய்தார். பஸ்ஸில் ஏறுகிறவர்களும் சில்லறையை நீட்டிக்கொண்டே கேட்பார்கள்.

"டெஸ், நெசமாச் சொல்லு, யாருப்பா அவ?"

"யாரும் இல்லப்பா. மெட்டுக்கு உக்காந்துச்சு, போட்டேன். உள்ள போ."

மனைவி நோரீனும் அதை நம்பவில்லை. அவளிடம் ஊதா நிறத்தில் ஒரு கைக்குட்டைகூட இருந்ததில்லை. கல்யாணமான புதிதில் அந்தப் பாட்டு வந்தால் ரேடியோவை அணைத்துவிடுவாள். பிறகு அணைப்பதை விட்டுவிட்டு, பாட்டு முடியும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு மேசையில் அவர் சுட்ட மாட்டிறைச்சியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தபோது நோரீன் மறுபடி ஆரம்பித்தாள்.

"இப்பவாச்சும் சொல்லேன். இந்த வயசுல நான் என்ன, வீட்டை விட்டா போகப்போறேன்?"

டெஸ்மண்டுக்கு அலுத்துவிட்டது. உண்மையைச் சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்ததுதான் மிச்சம். கத்தியைக் கீழே வைத்தார்.

"படகுத்துறையில டிக்கெட் குடுத்துட்டிருந்தா. பேரு வின்னி."

நோரீன் அழவில்லை, கத்தவும் இல்லை. மூச்சை மெல்ல விட்டாள்.

"தெரியும். அவள மன்னிச்சு எத்தனையோ வருஷமாச்சு. இத்தனை நாள் என்னையக் கிறுக்கி ஆக்குனியே, அதத்தான்..." முடிக்காமல், அவர் தட்டில் இறைச்சியைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தாள்.

வெகு காலத்துக்குப் பிறகு இருவரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். டீ வந்தது.

"பாக்க எப்படி இருப்பா?"

"மறந்துபோச்சு."

"மறக்குற மூஞ்சிக்கா பாட்டெழுதுன? முடி என்ன நிறம்?"

"செம்பட்டை."

அடுத்த ஞாயிறு உயரம் கேட்டாள். அதற்கடுத்த ஞாயிறு குரல். இல்லாத ஒருத்தியை அவர் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கிக் கொடுத்தார். ஒருமுறை தாங்கமாட்டாமல், "எல்லாம் சும்மா சொன்னது நோரீன். அப்படி ஒருத்தி கிடையாது" என்று சொல்லியும் பார்த்தார்.

"எனக்காக அவள மறைக்க வேணாம்" என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள் நோரீன். "சரி, சொல்லு. சிரிச்சாக் கன்னத்துல குழி விழுமா?"

டெஸ்மண்ட் ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்தார்.

"ஒரு பக்கம் மட்டும்" என்றார்.