மூன்று மணிக்கு வரும் வாசம்

செண்டு வியாபாரத்தில், பூசிக்கொள்கிறவனால் தொல்லையில்லை. பூசிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறவனால்தான் தொல்லை. உன்னைத்தான் சொல்கிறேன், தம்பி. கொல்லங்கோட்டு என் கடையில் என்னையே பேரத்தில் மடக்கி, பச்சைப் பாட்டிலோடு துபாய்க்குப் போனாய். ஐந்து வருஷமாச்சு. போன் வருகிறதாம், ஆள் வரவில்லை. பாட்டிலின் பேரையாவது வீட்டில் சொன்னாயா? கல்லாவில் உட்கார்ந்து பாடுபடுகிற சக வியாபாரிகளே, நியாயத்தை நீங்களே கேளுங்கள்.

காகிதத் துண்டு

உன் மனைவி வந்து, "பச்சைப் பாட்டிலுங்க, அவரு போடறது" என்றாள். பச்சையில் என்னிடம் இரண்டு உண்டு. ஒன்றில் லாவண்டர் தூக்கல், சவரம் செய்த கன்னம் மாதிரி. மற்றது பைன் மரப் பிசின் வாசம், கொஞ்சம் காரம். இரண்டையும் காகிதத் துண்டில் அடித்து நீட்டினேன். முகர்ந்தாள், இல்லை என்றாள். மறுவாரமும் அதே கதை. நான் பஸ் பஸ்ஸாக ஏறி அத்தர் விற்று முன்னுக்கு வந்தவன். பொறுமையை எனக்கு எவனும் சொல்லித்தரவில்லை. "வாங்கினா வாங்கு, இல்லாட்டி இடத்தைக் காலி பண்ணும்மா!" என்று கத்திவிட்டேன். அவள் அசையவில்லை.

"ஏனுங்க பாய், அவரு வெடியால பூசறப்ப நான் மாட்டுக்கொட்டாயில இருப்பனுங்க. சாயங்காலம் ஊட்டுக்கு வர்ற வாசந்தானுங்க எனக்குத் தெரியும்."

மணிக்கட்டு

சுருக்கென்றது. இந்தப் பச்சை வாசனைகள் அடித்தவுடன் ஓர் ஆள். உடம்புச் சூட்டில் நாலு மணி நேரம் ஊறினால் வேறு ஆள். அடியிலிருந்து பாசி வாசமும் மர வாசமும் மெல்ல மேலே வரும். அது தெரிந்தும் காகிதத்தை நீட்டியது என் மடத்தனம். ஒரு கையில் ஒன்று, மறு கையில் மற்றது என்று அடித்து, "சந்தைக்குப் போய் வேலையைப் பாரும்மா, மூணு மணிக்கு வா" என்றேன்.

வந்தாள். பைன் அடித்த இடது கையை மூக்கைவிட்டு எடுக்கவேயில்லை. விலைகூடக் கேட்காமல் வாங்கிக்கொண்டாள்.

"வாசம் வந்துருச்சுங்க பாய். ஆளுதான் வரோணும்."

குடையோடு வந்தவர்

மறுநாள் காலை உன் அப்பா குடையை ஊன்றிக்கொண்டு வந்து, "புருசன் ஊர்ல இல்லாத புள்ளைக்கு ஆம்பளை செண்டு எதுக்குங்க?" என்று எகிறினார். சண்டைக்கு நானும் தயார்தான். ஆனால் அவர் கையிலும் அதையே அடித்தேன். திட்டிக்கொண்டே போனவர், மூன்றரைக்குத் திரும்பி வந்தார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"சின்னதா ஒண்ணு எனக்கும் கட்டுங்க. மருமககிட்டச் சொல்லிப்போடாதீங்க."

ஒரே வீட்டுக்கு இரண்டு பாட்டில் விற்றும் சந்தோஷப்படாத ஒரே வியாபாரி நான்தான் தம்பி, என்னால் பாட்டிலைத்தான் தர முடியும், மிச்சத்தை நீ டிக்கெட் எடுத்து வந்து தீர்த்துவை.