முக்கால் இஞ்ச் பைப்பும் மூன்று வயர்களும்

கள்ளக்குறிச்சியில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. கேமரா, டி.வி., இன்டர்நெட் என்று வீட்டுக்குள் வயர் இழுக்கிற வேலை எதுவானாலும் நானும் என் மச்சானும் போவோம். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. கோபம் எனக்கு, வாய் அவனுக்கு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு தொழில் ஒருமாதிரி ஓடுகிறது.

போன மழைக்காலத்தில் ஓசூர் பக்கம் வேலை பார்க்கும் ஒரு பெண் போன் செய்தாள். அவளுடைய வீடு கல்வராயன் மலையில், வெள்ளிமலை தாண்டி. அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அவளும் அம்மாவும் அவள் குழந்தையாக இருந்தபோதே தாங்களாக உண்டாக்கிக்கொண்ட கைச்சாடையில்தான் பேசிக்கொள்வார்களாம்.

“போன்ல வீடியோ போட்டா அம்மாவுக்குக் கண்ணு சரியா தெரியலண்ணா. என் வெரலு எறும்பு மாதிரி தெரியுதாம். ஹால்ல இருக்கற பெரிய டி.வி.ல என்னைக் காட்டிடுங்க. நான் வேலைக்கு வந்ததுல இருந்து அவங்க யார்கிட்டயும் பேசல.”

“அப்பா இருக்காரில்ல?”

“இருக்காரு. ‘சாப்டியா’ன்னு கை காட்டுவாரு. அவருக்கு அவ்ளோதான் தெரியும்.”

இதைக் கேட்டதும் எனக்கு மனசு ஒருமாதிரி ஆகிவிட்டது. மலை ஏறும்போது மச்சானிடம் சொன்னேன். அவன் சும்மா இருப்பானா? “நீ மட்டும் இன்னா மாமா, எங்கக்காகிட்ட அதுக்கு மேல ஜாஸ்தியா பேசிட்ற?” என்றான். நான் கியரை மாற்றினேன்.

கீழே தளம் போட்ட ஹால், சமையலறை. மேலே தகரக் கூரையில் ஓர் அறை, அதில் சாமை மூட்டைகள். அந்த வீட்டில் சிக்னல் கிடைப்பது அந்த மேல் அறையின் ஜன்னலோரத்தில் மட்டும்தான். அந்த அம்மாவுக்கு முட்டிவலி, படி ஏற முடியாது. வைஃபையில் கீழே இறக்கிப் பார்த்தோம். படம் கட்டம் கட்டமாக உடைந்தது. வாயால் பேசுகிறவர்கள் அதைச் சமாளித்துக்கொள்வார்கள். கையால் பேசுகிறவர்களுக்கு விரல் உடைந்தால் பேச்சே உடைந்து போகும்.

அதனால் ஜன்னலோரத்தில் வீடியோ கால் பிடிக்கிற ஒரு பெட்டியை வைத்து, அதிலிருந்து இரண்டு வயர்களைக் கீழே கொண்டுவரத் திட்டம் போட்டேன். ஒன்று மகளின் படத்தை டி.வி.க்குக் கொண்டுவரும். இன்னொன்று டி.வி. மேல் வைக்கும் கேமராவிலிருந்து அம்மாவின் படத்தை மேலே கொண்டுபோகும். வெளிச்சுவரில் இழுத்தால் குரங்குகள் கடித்துப் போட்டுவிடும். படியோரமாக விட்டால் சாமை மூட்டைக்கு வரும் எலிகள் விடாது. தளத்தைத் துளைக்க வீட்டுக்காரர், அதாவது அந்தப் பெண்ணின் அப்பா, சம்மதிக்கவில்லை, மழை ஒழுகினால் யார் பதில் சொல்வது என்றார். மிச்சம் இருந்தது, வீடு கட்டும்போது சுவருக்குள் பதித்த முக்கால் இஞ்ச் பைப் ஒன்றுதான். அதற்குள் ஏற்கெனவே டிஷ் ஆன்டெனாவின் வயர் குடியிருந்தது.

லைட் வயர் என்றால் வெட்டலாம், முறுக்கலாம், டேப் சுற்றலாம். படம் கொண்டுவரும் வயரில் அந்த வேலை நடக்காது. நடுவில் வெட்டினால் செத்தது. டி.வி.யில் செருகுகிற அதன் தலையும் பெரிசு. நுழைத்த பிறகு தலையை மாட்டிக்கொள்கிற வகையாகப் பார்த்து வாங்கிப் போயிருந்தேன். மச்சான் மேலிருந்து வயரைத் தள்ளுவான், வயரின் நுனியில் கட்டிய கம்பியை நான் கீழே பிடித்து இழுப்பேன். “வுடு”, “இழு”, “நிறுத்து”. எங்கள் தொழிலுக்கு இந்த மூன்று சொற்கள் போதும்.

ஆரம்பிக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. தகரத்தின் மேல் மழை கொட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். நான் “நிறுத்துடா” என்று கத்துகிறேன், அவன் மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறான். வயர் உள்ளே மடங்கிக்கொண்டது. கம்பியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன்.

படியடியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அங்கிருந்து பார்த்தால் நானும் தெரிவேன், படி முடிகிற இடத்தில் குனிந்திருக்கும் மச்சானும் தெரிவான். என்னைக் காட்டினார், தன்னைக் காட்டினார், மேலே காட்டினார். புரிந்தது. நான் உள்ளங்கையை விரித்தேன். அவர் மேலே பார்த்து உள்ளங்கையை விரித்தார். மச்சான் நிறுத்தினான். மழை எங்கள் எல்லோருடைய காதையும் பிடுங்கிக்கொண்டது, அவருக்கு மட்டும் ஒன்றும் குறையவில்லை. அதற்கப்புறம் நாங்கள் வாயே திறக்கவில்லை. வேலை கத்தும்போது நடந்ததைவிட ஒழுங்காக நடந்தது.

ஆனால் வளைவில் வந்து முட்டிக்கொண்டது. எங்கள் பக்கத்தில் பைப் வளைவுக்காகக் கடைக்கு அலைய மாட்டார்கள். பழைய பேப்பரைக் கொளுத்தி, பைப்பை அந்தச் சூட்டில் காட்டி, முழங்காலில் வைத்து வளைத்துவிடுவார்கள். வளைகிற இடம் சப்பையாகிவிடும். “எந்தப் புண்ணியவான் இத வளைச்சான்?” என்றேன்.

“நான்தாங்க” என்றார் வீட்டுக்காரர்.

அந்தச் சப்பையில் இரண்டு வயர்கள் போகும், மூன்று போகாது. டிஷ் வயரை உருவிவிடலாமா என்று கேட்டேன். மனிதர் முகம் சுருங்கிவிட்டது. சாயங்காலம் காட்டிலிருந்து வந்தால் அவருக்கு அந்த டி.வி.தான். “அதக் கழட்டிட்டா வூட்ல எனக்குப் பேச்சுத்தொணையே இல்லங்க” என்றார். நெட்டிலேயே நியூஸ் வரும் என்று மச்சான் சொல்லிப் பார்த்தான். “அது பொண்ணு காசு போட்ற நெட்டு. அவங்க ரெண்டு பேரு பேசறதுக்கே சரியாப் போயிடும்.”

அப்படியானால் இரண்டில் ஒன்றுதான் போடமுடியும். எது வேண்டும் என்று உங்கள் மனைவியைக் கேளுங்கள் என்றேன். அவர் அந்த அம்மா முன்னால் போய் நின்றார். கைகளைத் தூக்கினார். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே இறக்கிக்கொண்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அதைக் கேட்க அவரிடம் ஒரு சாடை இல்லை. எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சல் அந்த இடத்தில் போய்விட்டது. பாவமாக இருந்தது.

மச்சான் உருவிக்கொண்டு வந்த இரண்டு வயர்களையும் நானே எடுத்துக் காட்டினேன். ஒன்றைத் தொட்டு, மகளின் போட்டோவைக் காட்டி, டி.வி.யைக் காட்டினேன். இன்னொன்றைத் தொட்டு, அவரைக் காட்டி, மேலே காட்டினேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். கை நீட்டி இரண்டாவது வயரைப் பிடித்துக்கொண்டார். மற்றொரு கையால் தன் நெஞ்சிலிருந்து எதையோ அள்ளி அள்ளி வெளியே போட்டார்.

வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். “பொண்ணப் பாக்காட்டியும் பரவால்லியாம். உள்ள கெடக்கறதச் சொல்லணுமாம்.” அவர் என்னிடம் இருந்த கட்டிங் பிளேயரை வாங்கினார். டி.வி.க்குப் பின்னால் போய் டிஷ் வயரைத் தன் கையாலேயே வெட்டினார். “இழுத்துக்கோங்க” என்றார்.

வெட்டிய அந்த வயரின் நுனியிலேயே இரண்டு புது வயர்களையும் கட்டினோம். சோப்புத் தண்ணீர் தடவினோம். இந்தத் தடவை கீழிருந்து தள்ளியது நான், மேலே இழுத்தது மச்சான், நடுவில் கை காட்டியது அந்த அம்மா. சப்பையில் கொஞ்சம் அடம்பிடித்தது, பிறகு வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு வந்த சந்தோஷத்தில் வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

தலைகளை மாட்டி, போன் போட்டோம். மகள் டி.வி. நிறைய வந்தாள். அந்த அம்மா எழுந்துவிட்டார், முட்டிவலி எங்கே போனதோ தெரியவில்லை. இரண்டு கைகளும் ஓயாமல் பேசின. தேங்கிக் கிடந்தது எல்லாம் அடித்துக்கொண்டு வந்தது. மகள் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள்.

“இன்னா சொல்றா?” என்று கேட்டார் வீட்டுக்காரர்.

“கொழம்புல உப்பு ஜாஸ்தி போட்டுக்கினே இருந்தாங்களாம்ப்பா. வேணும்னே. நீ கோவத்துலயாவது ‘சாப்டியா’வத் தவிர வேற எதனா கேப்பேன்னு. நீ மோர ஊத்தித் தின்னுட்டு எழுந்து போயிட்டியாமே?”

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். “உப்பு ஜாஸ்தின்னு தெரியும்மா. கண்ணு தெரியாம அவ போட்றான்னு நெனச்சிக்கினேன். சொன்னா மனசு நோவும்னு வுட்டுட்டேன்.” பிறகு டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்றார். “உப்பு ஜாஸ்தின்னு எப்படிக் காட்றது?”

மகள் விரல்களைக் குவித்து நாக்கு நுனியில் வைத்து, முகத்தைச் சுளித்தாள். அவர் மனைவியின் பக்கம் திரும்பி அதே மாதிரி செய்தார். கொஞ்சம் ஜாஸ்தியாகவே சுளித்தார். அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு சாடை காட்டினார்.

“இப்ப இன்னா சொல்றா?”

“நாளைலருந்து கம்மியாப் போட்றாங்களாம்ப்பா.”